அவிழ்த்துக் கட்டும் கயிறு

கீழ்க்கட்டளையில் கடல் இல்லை. ஆனால் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்கு. பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, கடைசியில் கோவளத்துக் கடல். தென்சென்னைப் புறநகரில் வாழ்ந்தவர்களுக்குக் கடல் தூரத்து உறவு மாதிரி. அடிக்கடி பார்ப்பதில்லை, ஆனால் மறப்பதும் இல்லை. திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை மணலில் கட்டுமரங்கள் கிடந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கட்டுமரங்கள் என்று சொல்வதுகூட முழுச் சரியில்லை. கரையில் கிடந்தபோது அவை கட்டவிழ்ந்த மரங்கள். கடலுக்குப் போய்த் திரும்பியதும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, மணலில் உருட்டிக் காயப்போடுவார்கள். கயிறு சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருக்கும். விடியற்காலையில் அதே மரங்கள் மறுபடி அடுக்கப்பட்டு, அதே கயிற்றால் இறுக்கப்பட்டு, படகாகிக் கடலில் இறங்கும். மென்மரம் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும், அதனால் காயவைக்கிறார்கள் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். அது உண்மைதான். அந்தக் காட்சியில் இன்னொரு உண்மையும் இருந்தது என்பது, இன்றைய மீன்பிடிக் கயாக்குகளின் சுக்கான் கயிற்றைப் பற்றி யோசிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்தக் கயிறு என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கயாக் என்பது ஒருவர் அல்லது இருவர் உட்கார்ந்து போகும் குறுகலான படகு. தூண்டில் போடுகிறவருக்காகச் செய்யப்படும் கயாக்கில் பின்முனையில் சிறிய சுக்கான் ஒன்று தொங்கும். அதன் தலையில் இரண்டு பக்கமும் சிறு கை. ஒவ்வொரு கையிலிருந்தும் ஒரு கயிறு படகின் உடலுக்குள் ஒரு குழாய் வழியாக ஓடி, உட்கார்ந்திருப்பவரின் கால்மிதியில் வந்து முடிகிறது. வலது காலை அழுத்தினால் வலதுகயிறு இழுபடும், சுக்கான் திரும்பும், படகு வலப்பக்கம் போகும். சில படகுகளில் மிதிக்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். கயிறு ஓடும் விதம் ஏறத்தாழ அதே. சுக்கானைத் தண்ணீரில் இறக்கவும் ஏற்றவும் தனியாக ஒரு கயிறு உண்டு. திருப்பும் கயிறுகளில் ஒன்று நடுக்கடலில் அறுந்தால் படகு ஒரு பக்கம் மட்டுமே திரும்பும். சுக்கானைத் தூக்கவும் முடியாமல் அது ஒருபுறமாகச் சாய்ந்து நின்றுவிட்டால், துடுப்பைப் போடப் போட வட்டமடிக்கும். கயாக்கில் அறுந்துபோகும் பொருள்களில் மிக மலிவானதும், அறுந்தால் மிக அதிகமாக அலைக்கழிப்பதும் இந்தக் கயிறுதான்.

இது எப்படிப் பழுதாகிறது, எதைக் கொண்டு சரிசெய்வது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் கயிற்றின் வலுவைப் பற்றிப் பேசுவார்கள். இன்னும் தடித்த கம்பி, இன்னும் உயர்ந்த எஃகு, இன்னும் இறுக்கமான பொருத்து. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுக்கான் கயிற்றின் குறை அதன் வலுவில் இல்லை, அது கண்ணுக்குத் தெரியாமல் இருப்பதில் இருக்கிறது. கட்டுமரத்தின் கயிறு ஒவ்வொரு நாளும் அவிழ்க்கப்பட்டது. அவிழ்க்கிற கைக்கு எந்த இடத்தில் நார் தேய்ந்திருக்கிறது, எந்த முறுக்கு தளர்ந்திருக்கிறது, எங்கே மரம் கயிற்றைக் கடித்திருக்கிறது என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். அதற்கென்று தனிப் பரிசோதனை வேண்டியிருக்கவில்லை. அவிழ்ப்பதும் கட்டுவதுமே பரிசோதனை. கயாக்கின் கயிறோ தொழிற்சாலையில் ஒரு முறை குழாய்க்குள் செருகப்பட்டு, இரண்டு நுனியிலும் உலோக வளையத்தால் நசுக்கிப் பூட்டப்படுகிறது. அதன் பிறகு அறுகிற நாள்வரை அதை யாரும் பார்ப்பதில்லை. ஆகவே பழுதுபார்ப்பது என்பதை அறுந்ததை ஒட்டவைப்பது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கயிற்றை அவிழ்க்கக்கூடிய கயிறாக மாற்றுவதே பழுதுபார்ப்பு என்பது என் கட்சி.

இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் இருக்கிறது. மீன்பிடிக் கயாக்கின் இரண்டு பக்கத்து முன்னோரும் கட்டிச் செய்யப்பட்டவையே. வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்கள் கயாக்கைக் கடலில் மிதந்துவந்த கட்டைகளாலும் எலும்பாலும் சட்டமிட்டு, தோல்வாராலும் நரம்பாலும் பிணைத்து, மேலே கடல்நாய்த் தோலை இழுத்துத் தைத்துச் செய்தார்கள். அந்தப் பிணைப்பு அலைக்கு நெளிந்துகொடுக்கும். விறைத்து நின்று உடையாது. படகின் மேல் திறந்தபடி உட்கார்ந்து மீன் பிடிப்பது, அலை மேலே ஏறி வழிந்தோடிவிடுவது என்ற வகையில் இன்றைய மீன்பிடிக் கயாக், இனுயிட் கயாக்கைவிடக் கட்டுமரத்துக்கே நெருங்கிய உறவு. டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697இல் வெளியிட்ட பயணநூலில் சோழமண்டலக் கரையின் இந்த மிதவையைப் பற்றி எழுதினார். தமிழ்ச்சொல் ஆங்கிலத்துக்குள் போயிற்று. போன இடத்தில் அந்தச் சொல் இரட்டை உடல் படகுக்குப் பெயராகி, ‘கட்டு’ என்ற பாதியின் பொருளை இழந்துவிட்டது. நம் மொழியில் அந்தப் பாதி இன்னும் உயிரோடு இருக்கிறது. எந்தக் கடற்கரைக் குழந்தையைக் கேட்டாலும் கட்டியதால் கட்டுமரம் என்று சொல்லும்.

இரண்டு முன்னோருக்கும் சுக்கான் இருந்ததில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இனுயிட் வேட்டைக்காரர் துடுப்பாலும் உடலைச் சாய்த்தும் திருப்பினார். கட்டுமரக்காரர் பின்னால் நின்றோ மண்டியிட்டோ துடுப்பை ஊன்றித் திருப்பினார். அலை உடைந்து விழும் நம் கரையில் நிலையான சுக்கான் ஒரு முறை கரையேறினாலே முறிந்துவிடும். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், எஞ்சின் வைத்து நேரே மணலில் ஏறக்கூடிய படகுகளை எண்பதுகளில் உருவாக்க முயன்றபோது சந்தித்த பெரிய சிக்கல்களில் ஒன்று இதுதான்: எஞ்சினின் உந்துவிசிறியைக் கரை நெருங்கும்போது மேலே தூக்க வழி வேண்டும். கயாக்கின் சுக்கானைத் தூக்கும் மூன்றாவது கயிறும் இதே காரணத்துக்காகத்தான் இருக்கிறது. அந்தக் கயிறு சிக்கிக்கொண்டு சுக்கான் இறங்கியபடியே கோவளம் கரையில் அலையோடு ஏறினால், முறிவது சுக்கானோடு நிற்காது. அது பொருத்தப்பட்ட பின்முனையும் பிளக்கும். ஆகவே பழுதுபார்க்கும்போது திருப்பும் கயிறுகளை மட்டும் மாற்றிவிட்டுத் தூக்கும் கயிற்றை அப்படியே விடுவது அரைவேலை.

இனி, பல கயாக்குகளில் சுக்கான் கயிறாக வரும் எஃகுக் கம்பியின் கதை. துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை நம்பித்தான் பலரும் அதைத் தொடாமல் விடுகிறார்கள். அந்த எஃகைக் காப்பது அதன் மேல்புறத்தில் குரோமியமும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய படலம். கீறல் விழுந்தாலும் ஆக்ஸிஜன் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை படலம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் நசுக்கிப் பூட்டிய வளையத்துக்குள்ளே உப்புத்தண்ணீர் புகுந்து தேங்கினால் அங்கே காற்று போகாது. படலம் புதுப்பிக்கப்படாமல், வெளியே பளபளக்கும் கம்பி உள்ளே அரிக்கப்படும். வளையம் அலுமினியமாக இருந்தால் இன்னொரு தொல்லை: இரண்டு வேறு உலோகங்களும் உப்புத்தண்ணீரும் சேர்ந்தால் ஒரு சிறு மின்கலம்போல ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்திருப்பதைக் கண்டால் அந்த வளையத்தின் பிடி தளரத் தொடங்கிவிட்டது என்று பொருள். இவை போக, குழாயிலிருந்து கம்பி வெளிவரும் வளைவில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கம்பி மடங்கி நிமிர்கிறது. சுக்கானுக்கு வரும் மெல்லிய கம்பி பெரும்பாலும் மயிரிழைபோன்ற பல இழைகளை முறுக்கியது. அந்த வளைவில் ஒவ்வொரு இழையாக அறுந்துவரும். விரலால் தடவினால் ஊசிபோலக் குத்துவது அந்த அறுந்த இழைகள்தான். தடவிப் பார்க்க நுனியாவது எட்ட வேண்டும்; பல கயாக்குகளில் அதுவும் எட்டாது. மணலும் காய்ந்த உப்பும் குழாய்க்குள் புகுந்து அரத்தைப்போல உள்ளிருந்தே தேய்க்கும். அது யார் கண்ணுக்கும் படுவதில்லை.

எஃகுக்குப் பதிலாகக் கயிறு என்றால் முதலில் வரும் மறுப்பு, கயிறு அவ்வளவு வலுவாக இருக்குமா என்பது. நியாயமான கேள்வி. பெரிய மீன் தூண்டிலில் மாட்டி இழுக்கும்போது மனிதர் தன்னையறியாமல் இரண்டு காலையும் மிதியில் ஊன்றிப் பின்னால் சாய்கிறார். அப்போது கயிற்றில் விழும் இழுவை, சாதாரணமாகத் திருப்பும்போது விழுவதைவிடப் பலமடங்கு. ஆனால் இதற்குப் பதில் இப்போது கடையிலேயே இருக்கிறது. நெதர்லாந்தில் உருவான டைனீமா என்ற இழையில் பின்னிய இரண்டு மில்லிமீட்டர்க் கயிறு, நல்ல தயாரிப்பாக இருந்தால் 300 கிலோவுக்கு மேல் தாங்கும். துருவும் பிடிக்காது, தண்ணீரில் மிதக்கவும் செய்யும். இது ஏதோ அந்நியப் பொருள் என்று நினைக்கத் தேவையில்லை. தூண்டில்காரர் தன் ரீலில் சுற்றி வைத்திருக்கும் பிரெய்டு நூல் பெரும்பாலும் இதே வகை இழைதான். அந்த இழையின் அடிப்பொருள் பாலிஎத்திலீன். கயாக்கின் உடலும் பெரும்பாலும் அதே பாலிஎத்திலீன், சுழலும் அச்சுக்குள் பொடியைப் போட்டுச் சூடாக்கி வார்ப்பது. கீழ்க்கட்டளை மொட்டைமாடிகளில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் அதே முறையில் வார்த்தது. ஒரே பொருளின் மூலக்கூறுகளை நீளமாக வளர்த்து ஒரே திசையில் நேராக இழுத்து நிறுத்தினால் எஃகோடு போட்டி போடும் கயிறாகிறது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. நைலானை இந்த இடத்தில் போடக் கூடாது. அது தண்ணீரை உறிஞ்சி நீளும், மிதியை அழுத்தினால் சுக்கான் அசையத் தாமதமாகும். தங்கூசி அதைவிட மோசம்; நீளும், வெயிலில் நொறுங்கும்.

அடுத்த மறுப்பு இன்னும் கூர்மையானது: டைனீமா வழுக்கும், முடிச்சு நிற்காது, நின்றாலும் முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் வலு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். இரண்டும் உண்மை. அதனால்தான் இதைத் தொழிலாகச் செய்பவர்கள் முடிச்சுக்குப் பதிலாகக் கயிற்றின் வாலைக் கயிற்றுக்குள்ளேயே புதைத்துக் கண்ணி பின்னுகிறார்கள். வலு அதிகம் குறையாது. சுக்கான் பக்கத்து நுனியில் அப்படிப் பின்னிக்கொள்வதை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் மிதியின் பக்கத்து நுனியில் முடிச்சுதான் வேண்டும். 300 கிலோ பாதியானாலும், அதற்கும் கீழே போனாலும், காலால் வரும் இழுவையைத் தாங்கப் போதும். அங்கே வலுவைவிட நமக்கு முக்கியம், படகில் உட்கார்ந்தபடியே ஈரக் கையால் அவிழ்த்து நீளத்தைக் கூட்டிக் குறைத்து மறுபடி கட்ட முடிய வேண்டும் என்பது. எட்டு முடிச்சை இரட்டையாகப் போட்டு, வாலை ஒரு சாண் விட்டு, அந்த வாலில் இன்னொரு தடை முடிச்சு போட்டால் வழுக்குவது நிற்கும். கட்டியவுடன் முழுப் பலத்தோடு இழுத்து முடிச்சை உட்காரவைத்துவிட வேண்டும்; இல்லையென்றால் முதல் நாளிலேயே ஒரு விரற்கடை நீளும். வெட்டும் நுனியைத் தீயில் காட்டுவதிலும் அளவு வேண்டும். இந்த இழை சுமார் 150 டிகிரியிலேயே உருகிவிடும். நுனி சேர்ந்தால் போதும், முடிச்சுவரை சூடு போனால் அந்த இடமே பலவீனம்.

புதுக்கயிற்றைக் குழாய்க்குள் செலுத்துவதுதான் வேலையில் பாதி என்று அஞ்சுகிறவர்களுக்கு நம் வீடுகளே பாடம். பாவாடை நாடா பழசாகிவிட்டால் அதை உருவிவிட்டுப் புதியதை ஊக்கில் மாட்டித் தடவித் தடவிச் செலுத்துவது ஒரு வழி. பழைய நாடாவின் வாலில் புதிய நாடாவைத் தைத்து இழுத்துவிடுவது அதைவிட எளிய வழி. கயாக்கிலும் அதேதான்: பழைய கம்பி முழுதாக அறுந்து குழாய்க்குள் தொலைவதற்கு முன்பே மாற்றினால், அதன் நுனியில் புதுக்கயிற்றைச் சேர்த்து, சேர்ப்பின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி மென்மையாக்கி, மறுமுனையில் இழுத்தால் வந்துவிடும். அறுந்த பிறகு என்றால் குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டுத் துழாவ வேண்டியதுதான். அவிழ்ப்பதை அறுவதற்கு முன்பு செய்ய வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வசதியே போதுமான காரணம். உள்ளே செலுத்துவதற்கு முன் குழாயை நல்ல தண்ணீரால் கழுவி மணலை வெளியேற்றுவதும், குழாயின் வாய் கூர்மையாக இருந்தால் மழுக்குவதும் மறக்கக் கூடாதவை. எஃகுக் கம்பி ஓடி ஓடிக் குழாயில் பள்ளம் விழுந்திருந்தால் குழாயையே மாற்றிவிடுவது நல்லது. கடைசியில் சுக்கானை நேராக நிறுத்திக்கொண்டு, இரண்டு மிதியும் ஒரே தூரத்தில் நிற்கும்படி இரண்டு கயிற்றையும் சமமாக இறுக்கிக் கட்ட வேண்டும். விறைப்பாக இறுக்கினால் கால் சோரும், தொய்வாக விட்டால் சுக்கான் பேச்சைக் கேட்காது.

கட்டுமரத்தையே மீனவர்கள் கைவிட்டுவிட்டார்களே, கைவிடப்பட்ட ஒன்றிலிருந்து எதைக் கற்பது என்று கேட்கலாம். பெரும்பாலானோர் கைவிட்டது உண்மை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த மாற்றம் அதன் பிறகு வேகமெடுத்தது. ஆனால் அவர்கள் எதைக் கைவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். தரமான மென்மரம் அரிதாகி விலை ஏறியது, எஞ்சின் வைக்கவும் அதிக வலையும் மீனும் ஏற்றவும் இடம் தேவைப்பட்டது, தினமும் மரம் சுமக்கும் உழைப்பு உடலை வாட்டியது. கட்டு தோற்றதால் கட்டுமரம் போகவில்லை. அந்த உழைப்பிலிருந்து விடுபட்ட எந்த மீனவரையும் பழையதற்குத் திரும்பு என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படை சேர்த்துக்கொண்ட கௌண்டின்யா என்ற கப்பல், ஆணியில்லாமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து உருவானது. அதுவும் பழைமை ஏக்கத்தால் செய்யப்பட்டதென்று நான் நினைக்கவில்லை, அந்தத் தையலின் பொறியியலைக் கையால் செய்துதான் அறிய முடியும் என்பதால் செய்தார்கள். கட்டுமரத்திலிருந்து கயாக் எடுத்துக்கொள்ள வேண்டியதும் வடிவத்தையோ மரத்தையோ அல்ல. அவிழ்க்கும் பழக்கத்தை மட்டும்.

சுக்கானே வேண்டாம், முன்னோரைப்போலத் துடுப்பால் திருப்பிக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். திறமை உள்ளவருக்கு அது சரி. எந்தத் தூண்டில்காரரும் சுக்கான் இல்லாமல் கரை திரும்பப் பழகியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தூண்டில் போடுகிறவரின் இரண்டு கையும் வேறு வேலையில் இருக்கின்றன. பிற்பகலில் கடற்காற்று எழும்பும்போது கோவளத்துக்கு வெளியே காற்று பக்கவாட்டில் அடித்தால், லேசான கயாக்கின் முகம் தானாகவே திரும்பிக்கொண்டே போகும். மீனோடு போராடுகிறவருக்குக் காலால் திருப்பும் வசதி ஆடம்பரம் இல்லை. முட்டுக்காட்டுக் கழியில் அமைதியான தண்ணீரில் போகிறவருக்குத்தான் இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். அவரும்கூடக் கழியின் வாயில் நீர் கடலுக்கு வடியும் நேரத்தை ஒரு முறை பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்.

பயன்படுத்தாமல் வைத்திருந்தால் கயிறு கெடாது என்ற எண்ணம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வேளச்சேரியிலும் தெருக்களுக்குள் வந்து மக்களை மீட்டவை மீனவர்கள் லாரிகளில் ஏற்றிவந்த ஃபைபர் படகுகள். அவர்கள் கொண்டுவந்தது படகை மட்டும் அல்ல. வழக்கமாகக் கடலில் ஓடிக்கொண்டிருந்த படகை, அதன் ஒவ்வொரு கயிறும் கைக்குப் பழகிய நிலையில் கொண்டுவந்தார்கள். அந்த வெள்ளத்தை நினைத்துக்கொண்டு வீட்டில் ஒரு கயாக்கை வாங்கி வைக்கிறவர், அதைக் கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஐந்து வருடம் சாய்த்து வைத்துவிட்டால், தேவைப்படும் இரவில் அவர் கைக்குக் கிடைப்பது வெயிலில் வெளுத்த கயிறும், பிடி தளர்ந்த வளையமும்தான். கடலுக்கே போகாத கயாக்கின் கயிறும் வருடத்துக்கு ஒரு முறை அவிழ்க்கப்பட வேண்டும்.

அதற்கென்று ஒரு காலமும் நம் கடற்கரையில் ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விடப்படும் அந்த நாட்களில்தான் காசிமேட்டில் படகுகள் கரையேற்றப்பட்டு, பலகை மாற்றி, வண்ணம் பூசி, வலை சீர்செய்யப்படுகின்றன. துடுப்புப் போட்டுப் போகும் கயாக்கை அந்தத் தடை கட்டுப்படுத்தாது. ஆனாலும் கயாக் வைத்திருப்பவர் அந்த நாட்களில் ஒன்றைத் தனக்கும் எடுத்துக்கொள்ளலாம். சுக்கானைக் கழற்றி, இரண்டு மிதியின் முடிச்சையும் அவிழ்த்து, கயிற்றை முழு நீளத்துக்கும் உருவி, விரல்களுக்கு நடுவே விட்டு மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். எங்காவது பிசிறு தட்டினால் அந்தக் கயிற்றை மாற்றிவிட வேண்டும். நல்லதாகவே இருந்தாலும் தலைகீழாக மாற்றிச் செலுத்தினால் தேயும் இடம் மாறும். குழாயைக் கழுவி, கயிற்றை நிழலில் காயவிட்டு, மாலையில் மறுபடி கட்டிவிடலாம்.